யார், யாரிடம், எங்கே

சொல்லிவிடு. எப்படியும் சொல்லத்தான் போகிறாய். இப்போதே சொல்லிவிட்டால் பால் பொங்குவதற்குள் எழுதிக்கொள்வேன்.

தம்பி மனைவி அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். சமையலறை வாசலில் அவளுடைய நாத்தனார், உள்ளங்கைக்குள் ஒரு சின்ன அட்டையையும் கட்டைப் பென்சிலையும் மறைத்துக்கொண்டு, அந்த முதுகிடம் கேட்டாள்.

"ஏம்மா, மேல் அலமாரில இருக்கே கண்ணாடி டம்ளர், அதுல ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கவா?"

"அது ஆறும் ஒரு செட்டு அண்ணி. விருந்தாளி வந்தா வேணும்னு எடுத்து வச்சிருக்கேன். உங்களுக்குத்தான் எவர்சில்வர் டம்ளர் இருக்கே."

வந்துவிட்டது. வேறொருவருக்கென்று எடுத்து வைத்தல். அவள் வேலை பார்க்கும் அகராதிக்கு, மூன்று வாரமாகச் சிக்காமல் இருந்த பதினான்காவது பொருள். நடு அறைக்கு வந்து, கேட்டது கேட்டபடி அட்டையில் எழுதினாள். பின்பக்கத்தில், வழக்கம்போல, 'தம்பி மனைவி, அக்காவிடம், சமையலறை வாசலில்' என்று குறித்தாள். எழுதி முடித்ததும் உடம்பெல்லாம் ஒரு நிறைவு பரவியது. அது அடங்கியபின்தான் உறுத்தியது. தனக்குத் தாகமே எடுக்கவில்லை. கண்ணாடி டம்ளர் கிடைக்காது என்பதும் தெரியும். தெரிந்தே போய் ஒருத்தியின் வாயைக் கிண்டியிருக்கிறாள்.

அவள் வேலை அப்படி. பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றைத் தயாரிக்கும் சின்னப் பதிப்பகம். எட்டுப் பேர், ஒரு மாடி, மழை பெய்தால் வாளி வைக்க வேண்டிய ஒரு மூலை. அன்றாடம் புழங்கும் ஆங்கில வினைச்சொற்களை ஆளுக்குச் சிலவாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 'ஈட்' யாருக்கு வந்ததோ அவர், தெருத்தெருவாக உணவுக் கடைகளில் உட்கார்ந்து காது கொடுத்து, இரண்டு மாதத்தில் சட்டைப் பொத்தான் பூட்டாத அளவுக்கு வளர்ந்துவிட்டார். 'ரன்' வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இவளுக்கு வந்தது 'கீப்'.

பார்ப்பதற்கு நாலே எழுத்துச் சாது. உள்ளே போனால் வெளியே வர வழி இல்லாத சொல் அது. வைத்துக்கொள்வதும் அதுதான், காப்பாற்றுவதும் அதுதான். பால் கெடாமல் இருந்தாலும் அது, ஒருவரைக் காக்க வைத்தாலும் அது. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாலும், கிட்டே வராமல் எட்ட நின்றாலும், மனத்துக்குள்ளேயே பூட்டிக்கொண்டாலும் அதே சொல். இத்தனைக்கும் தமிழில் ஒரே வினையைப் போட்டு ஒப்பேற்றிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆள் பேசிக் கேட்டிருக்க வேண்டும்.

கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். எழுதியதையெல்லாம் வெட்டித் தள்ளும் பொறுப்பாசிரியருக்கு அலுவலகத்தில் 'கத்தரி' என்று பெயர். இவளைவிடப் பத்து வயது சின்னவள். முகத்துக்கு நேராகவே அந்தப் பெயரைச் சொன்னாலும் சிரிப்பாள்.

"அவன் பந்து விளையாடினான், அவள் பாட்டுப் பாடினாள்னு உலகத்துல எவனாவது பேசி நீங்க கேட்டிருக்கீங்களா?" என்று முதல் நாளே கேட்டாள். "கற்பனை வேண்டாம். முதல்ல தமிழ்ல உங்க காதுல விழணும். அப்புறமா இங்கிலீஷ் பண்ணிக்கலாம். அட்டைக்குப் பின்னால யாரு, யார்கிட்ட, எங்கன்னு எழுதுங்க. அது நமக்குள்ள மட்டும், சரிபார்க்க. ஒரு அட்டை கற்பனைன்னு தெரிஞ்சாலும் அவங்க எழுதின அத்தனை அட்டையும் குப்பைக்கூடைக்கு. பின்னாலேயே அவங்களும்."

மற்றவர்கள் பேருந்தில் கேட்டார்கள், சந்தையில் கேட்டார்கள், மருத்துவமனை வரிசையில் நின்று கேட்டார்கள். இவளுக்கு அந்த இடங்கள் கிடையாது. காலையில் தம்பி காரில் கொண்டுவந்து விடுவான். மாலையில் வாசலில் வந்து நிற்பான். ஐந்து நிமிடம் தாமதித்தால் மாடிக்கே ஏறி வந்து, "என்ன, எங்க அக்காவ விடமாட்டீங்களா?" என்று எல்லோரையும் பார்த்துச் சிரிப்பான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று 'ரன்' பெருமூச்சு விடுவார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன், பதினோரு மாதத் திருமண வாழ்க்கையை முடித்துக்கொண்டு, பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் இந்த வீட்டுக்கு வந்தாள். எங்கே போவது என்று யோசிப்பதற்குள் பதினோராவது நாள் வந்துவிட்டது. கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த அறையைக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் கதவு. வீட்டில் யாருக்கு அவசரம் என்றாலும் அவள் கட்டிலைச் சுற்றித்தான் போக வேண்டும். உடை மாற்றும்போதுகூட முதலில் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, "யாராவது போகணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாழ்ப்பாள் போடுவாள். ஆண்டுகள் போகப் போக, அந்தக் கேள்வியைக் கேட்காமல் சேலை மாற்றுவது எப்படி என்றே அவளுக்கு மறந்துவிட்டது.

அடித்தார்களா? இல்லை. பட்டினி போட்டார்களா? அதுவும் இல்லை. காய்ச்சல் என்று படுத்தால் தம்பி மனைவி கஞ்சி கொண்டுவருவாள். தம்பி நாலு தடவை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான். குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் குறை. கொடுமை என்றால் கதவை உடைத்துக்கொண்டு போகலாம். அன்பாக இருப்பவர்களின் வீட்டிலிருந்து எந்தக் கதவு வழியாகப் போவது?

இந்தக் கேள்விகளை அவள் யாரிடமும் கேட்டதில்லை. அட்டைகள் வந்தபின்தான், வீட்டில் காலையிலிருந்து மாலை வரை தன்னிடம் என்ன பேசுகிறார்கள் என்பதே அவள் காதில் விழ ஆரம்பித்தது. அதுவரை அது கூடத்து மின்விசிறியின் சத்தம்போல ஓடிக்கொண்டிருந்தது.

நாற்பத்து மூன்று அட்டைகளைக் கொண்டுபோய்க் கத்தரியின் மேசையில் பரப்பினாள். கத்தரி ஒவ்வொன்றாகப் படித்து, திருப்பிப் பார்த்து, மறுபடி கவிழ்த்து வைத்தாள். முப்பத்தெட்டு அட்டைகளில் 'அக்காவிடம்' என்று இருந்தது.

"எல்லாம் பிரமாதம்," என்றாள். "ஒண்ணு கேக்கட்டுமா? இதுல நீங்க பேசினது எங்க?"

"கேட்டததான எழுதச் சொன்னீங்க."

"உங்க குரல் உங்க காதுல விழாதா?"

ஒரு வாரம் அவள் தன்னையே ஒட்டுக்கேட்டாள். காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்து, விளக்கணைக்கும் வரை. அவள் வாயிலிருந்து வந்தவை பெரும்பாலும் 'ம்', 'சரி', 'இதோ'. வியாழக்கிழமை, பதினைந்து வயதுத் தம்பி மகள் வந்து, அத்தையின் புத்தக அலமாரியில் கீழ்த்தட்டைக் கேட்டாள். "நீயே வச்சுக்கம்மா," என்றாள் இவள். சொன்னபின் கை தானாகப் பென்சிலைத் தேடியது. அக்கா, தம்பி மகளிடம், நடு அறையில். அதே வாரத்தில் அதே வாக்கியத்தை இன்னும் மூன்று முறை சொன்னாள்: ஜன்னலோர நாற்காலிக்கு ஒரு முறை, கம்பளிக்கு ஒரு முறை, அலுவலகத்தில் கொடுத்த நாட்குறிப்புக்கு ஒரு முறை. ஒன்றைத்தான் எழுதினாள். ஒரே வாக்கியத்துக்கு எதற்கு நாலு அட்டை?

இதுவரை நடந்ததில் யாருக்கும் சேதமில்லை. சேதம் அச்சுக்கோப்பவர் வழியாக வந்தது.

முழு அகராதி வருவதற்கு முன், சில சொற்களை மட்டும் சிறு பிரசுரமாகப் போட்டு ஆறு பள்ளிகளுக்கு அனுப்பிப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. அதைக் கணினியில் கோக்கப் புதிதாக ஒருவரைச் சேர்த்தார்கள். தங்கமான மனிதர். அதற்கு முன் பதினெட்டு வருடம் கல்யாணப் பத்திரிகை அடித்தவர். யார், யாருடைய மகள், எந்த மண்டபம் — இதில் ஒன்று விட்டுப்போனாலும் தலை போகிற தொழில் அது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். யார், யாரிடம், எங்கே என்று இருந்தது. விட்டுப்போகலாமா? ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் சாய்வெழுத்தில் அழகாகக் கோத்து, சொல்லின் முடிவில் தொகுத்தவர் பெயரையும் போட்டுவிட்டார். மற்றவர்களின் அட்டைகளில் 'நடத்துநர், பயணியிடம், பேருந்தில்' என்று இருந்தது. அது யாரையும் சுடவில்லை.

அந்த ஆறு பள்ளிகளில் ஒன்றில்தான் தம்பி மகள் படித்தாள்.

வெள்ளிக்கிழமை ஆசிரியை வகுப்பில் பிரசுரத்தை உரக்கப் படிக்க வைத்திருக்கிறார். வாக்கியத்தோடு சாய்வெழுத்தையும் பிள்ளைகள் சேர்த்தே படித்தார்கள். மூன்றாவது வாக்கியத்திலேயே சிரிப்பு. ஆறாவது வாக்கியத்தில், இவர்கள் வீட்டுக்கு வந்து போயிருந்த ஒரு தோழி, "நடு அறைன்னா உங்க பாத்ரூமுக்குப் போற வழிதானடீ!" என்று கூவிவிட்டாள். அதன்பின் யாரும் சிரிக்கவில்லையாம். சனிக்கிழமை ஆசிரியை தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, மிகவும் மரியாதையாக, "வீட்ல அவங்க அத்தை நல்லா இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

கத்தரியும் சனிக்கிழமை பேசினாள். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறோம், புத்தகத்தில் அந்தச் சாய்வெழுத்து வராது, வாக்கியங்கள் மட்டும் இருக்கும், அச்சுக்கோப்பவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றாள். "நீங்க சொல்லுங்க, வாக்கியங்களையும் எடுத்துடணுமா?" என்று கேட்டாள். "இருக்கட்டும்," என்றாள் இவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். தம்பி கையில் பிரசுரம். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தான்.

"'கதவத் தாழ்ப்பாள் போடாம வை, யாராவது குறுக்க போகணும்ல.' தம்பி, அக்காவிடம், நடு அறையில்." பக்கத்தைத் தட்டினான். "இது நான் சொன்னதா?"

"ஆமாப்பா."

"எப்ப?"

"மார்ச் பதினாலு. காலைல."

"தேதி வேற வச்சிருக்கியா!" அடுத்ததைப் படித்தான். "'தனியா எல்லாம் எங்கயும் போகாத, உன்னைப் பத்திரமா வச்சுக்கிறது என் பொறுப்பு.' தம்பி, அக்காவிடம், காரில். இதுல என்ன தப்பு இருக்கு? நல்லதுதான சொல்லியிருக்கேன்?"

"தப்புன்னு எங்கயும் போடலையேப்பா. அர்த்தந்தான் போட்டிருக்கு."

"குடுங்க இப்படி," என்று தம்பி மனைவி புத்தகத்தைப் பிடுங்கினாள். அவள் தேடியது ஒரே ஒரு பக்கம். "'நாலு பேர் வந்திருக்கிற இடத்துல வாய மூடிட்டு இருங்க அண்ணி.' ஐயோ, ஐயோ! நான் இப்படியா சொன்னேன்? வாயக் கொஞ்சம் மூடிட்டு இருங்கன்னு, கொஞ்சம்னு ஒரு வார்த்தை போட்டுத்தான் சொன்னேன்."

"ஆமா, கொஞ்சம் உண்டு. அச்சுல விட்டுப்போச்சு."

"எல்லாத்தையும் போட்டான் அந்த ஆளு, ஒரு கொஞ்சத்த விட்டுட்டான் பாருங்க!"

தம்பி மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, நீங்க ரெண்டு பேரும் தினம் சொல்றதுதான இது எல்லாம்."

"நீ உள்ள போ," என்றான் தம்பி. அவள் எழுந்து போனாள். போகும்போது அத்தையின் தோளில் ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனாள். தவறுதலாகப் பட்டதா, வேண்டுமென்றே தொட்டாளா என்று தெரியவில்லை.

"டம்ளரு!" என்றாள் தம்பி மனைவி. குரல் உடைந்திருந்தது. "டம்ளரக்கூட விடல. அண்ணி, நீங்க அன்னைக்கு வந்து கேட்டீங்களே, தண்ணி குடிக்கவா கேட்டீங்க? இதுக்குத்தான?"

தம்பி மனைவியின் கண்களை அவளால் பார்க்க முடியவில்லை. அட்டைகளிலேயே அநியாயமான அட்டை அதுதான். "ஆமாம்மா," என்றாள். "அது நான் செஞ்ச தப்பு. அத எடுத்துடச் சொல்றேன்."

தம்பி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். கோபமாக இருந்த முகம் கலைந்து, சின்ன வயதில் விளையாட்டில் தோற்றுவிட்டு வருவானே, அந்த முகம் வந்தது.

"உன்னைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு என்ன மழை! ஞாபகம் இருக்கா உனக்கு? அந்த இரும்புப் பெட்டிய மூணு மாடி நான் ஒருத்தனே தூக்கிட்டு இறங்கினேன். அவங்க வீட்ல ஒருத்தன் கை குடுக்கல. இந்தத் தோள்பட்டை இன்னும் வலிக்குதுக்கா. அது எங்க? எந்தப் பக்கத்துல போட்டிருக்க?"

ஞாபகம் இருந்தது. படி இறங்கும்போது அவன் மூச்சு வாங்கியது, பெட்டியின் விளிம்பு சுவரில் கீறிக்கொண்டே வந்தது, வண்டியில் ஏறியபின் தன் சட்டையைப் பிழிந்துவிட்டு அவள் தலையைத் துவட்டியது. அப்போது அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் செய்ததெல்லாம் அட்டையில் ஏறாது. கத்தரியின் சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆக, இந்தப் பிரசுரம் தம்பியைப் பாதிதான் சொல்லியிருக்கிறது. அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் சொன்ன பாதி பொய் இல்லையே.

"போடலப்பா," என்றாள். "அது எனக்குள்ள இருக்கு."

"உனக்குள்ள இருந்து என்ன பிரயோஜனம்? ஊருக்குத் தெரிஞ்சது இதுதான?" அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, மடிப்பை விரலால் நீவி, அவள் முன்னால் வைத்தான். "சரி, நடந்தது நடந்துபோச்சு. உன் மேல எனக்குக் கோபம் இல்ல. இதுல ஒரு கையெழுத்து போட்டுடு. எல்லாம் சரியாயிடும்."

கணினியில் அடித்த கடிதம். இரண்டு பிரதிகள். ஒன்று பள்ளித் தலைமையாசிரியருக்கு, ஒன்று பதிப்பகத்துக்கு. மெய்ப்பு பார்த்துப் பழகிய கண், எழுத்து எழுத்தாகத்தான் போனது. 'மேற்படி பிரசுரத்தில் என் பெயரில் வந்துள்ள வாக்கியங்கள் அனைத்தும் என் சொந்தக் கற்பனையே. இவற்றை என் வீட்டில் எவரும், எப்போதும் பேசியதில்லை. நான் என் தம்பியின் குடும்பத்தில் எக்குறையுமின்றி வாழ்ந்து வருகிறேன்.'

கடைசி வாக்கியத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆச்சரியமாக இருந்தது, ஆனால் உண்மைதான். எக்குறையுமின்றி. சோற்றுக்குக் குறையில்லை, துணிக்குக் குறையில்லை, காருக்குக் குறையில்லை. அதை மட்டும் தனித்தாளில் கொடுத்திருந்தால் போட்டிருப்பாள்.

"கற்பனைன்னு எழுதிக் குடுத்தா எனக்கு அங்க வேலை இருக்காதுப்பா."

"போனாப் போகுது! உன்னை வேலைக்குப் போன்னு யாரு சொன்னா? வீட்ல நிம்மதியா இரு. என்ன குறைச்சல் உனக்கு?"

"சொந்தக்காரங்களுக்குத் தெரியறதுக்குள்ள முடிச்சுடலாம் அண்ணி," என்றாள் தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே. இப்போது குரலில் கெஞ்சல் இருந்தது. "உங்க தம்பி ரெண்டு நாளா சரியா சாப்பிடல. ஒரே ஒரு கையெழுத்து. உங்களுக்கு என்ன போச்சு சொல்லுங்க?"

என்ன போகும்? அவள் உண்மையாகவே யோசித்தாள். கையெழுத்துப் போட்டால் இன்று மாலைக்குள் வீடு பழையபடி ஆகிவிடும். தம்பி பழையபடி சிரிப்பான். கஞ்சி வரும், கார் வரும். அந்த நாற்பத்து நாலு வாக்கியங்களையும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். நாளைக் காலையில் எவரேனும் கதவைத் தாழ்ப்பாள் போடாதே என்று சொன்னால்கூட, அது அவள் காதின் கோளாறாகத்தான் இருக்கும். அவளே எழுதிக் கொடுத்துவிட்டாளே. பத்தொன்பது வருடம் இந்த வீட்டில் இருந்தவள், யாரும் ஒன்றும் பேசாத ஒரு வீட்டில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் தானாக நினைத்துக்கொண்ட ஒரு பைத்தியக்காரி. கையெழுத்து அதற்குத்தான்.

தம்பி பேனாவின் மூடியைக் கழற்றி, அவள் பக்கம் எழுதுமுனை இல்லாதபடி திருப்பி நீட்டினான். அப்படித்தான் அவன் எதையும் கொடுப்பான். கத்தியானாலும் கத்தரிக்கோலானாலும் கைப்பிடி அவள் பக்கம் வரும்.

அவள் பேனாவை வாங்கவில்லை. இரண்டு பிரதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓரம் சேர்த்து அடுக்கி, அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"நீங்க என்னை நல்லா பாத்துக்கிட்டீங்கன்னு எழுதச் சொல்லு. எத்தனை பக்கம் வேணும்னாலும் என் கையாலேயே எழுதித் தரேன்," என்றாள். "டீச்சர்கிட்ட நானே வந்து பேசணும்னாலும் வரேன்."

"அதெல்லாம் வேண்டாம். இதுல போடு, போதும்."

"இதுல போட மாட்டேன்பா."

அவனுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல முன்னால் குனிந்தான். பேனா இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் கற்பனை பண்ணல," என்றாள்.